சோளகப் பக்கத்து யன்னல்

எங்கள் வீட்டு முன்னறையில், ஆட்களுக்கு வீட்டுப் படம் கீறிக் கொடுக்கும் கந்தோர் ஒன்று நடந்தது. கட்டுவது வேறு ஆட்கள். இவர்கள் தாளில் கீறிக் கொடுப்பதோடும், கட்டும்போது போய்ப் பிழை சரி பார்ப்பதோடும் சரி. இதை அயலுக்கு விளக்கி விளக்கியே என் வாய் உளைந்து போனது. "கறி வைக்க முதல் கறியைக் கீறிப் பாக்கிறதோ பிள்ளை?" என்று முன்வீட்டு அக்கா கேட்பா. கேட்டுவிட்டுத் தானே சிரிப்பா. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அகப்பையால் ஒன்று போட்டிருப்பேன். நல்ல காலம், இடையில் வேலி நின்றது.

அவவைக் குறை சொல்லியும் பயனில்லை. அந்த நாளில் நீர்வேலிப் பக்கம் ஒருவர் வீடு கட்ட நினைத்தால் சாத்திரியாரைக் கேட்டு வீடு எழும்ப வேண்டிய இடத்தைக் குறித்து நிலையம் எடுப்பார், மேசனைக் கூப்பிடுவார், மேசன் முளை அடித்துக் கயிறு கட்டுவார். பக்கத்து வீடு எப்படியோ இந்த வீடும் அப்படியே எழும்பும். இதற்குள் இரண்டு பேர் வேட்டியும் சேட்டுமாகக் கதிரையில் இருந்து, கட்டில் அகலத்துக்குத் தாளை விரித்து, நாள் முழுக்கக் கோடு இழுத்தால் யாருக்குத்தான் பகிடி வராது?

அந்த இரண்டு பேரில் ஒருவர் என் அண்ணை. தெருவும் பாலமும் போடுகிற அரசாங்கப் பகுதியில் வேலையை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்தவர், மேலே இருந்தவரோடு கொழுவிக்கொண்டு வேலையை விட்டவர். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், எனக்கும் சேர்த்துத்தான். மற்றவர் என் கணவர். அவருக்குக் கோபமே வராது. அதுவும் ஒரு கரைச்சல்தான், சண்டை பிடிக்கக் கூட ஆள் இல்லாமல் போய்விடும்.

அவர் மலாயாவில் ரயில் கந்தோரில் படம் கீறிக்கொண்டிருந்தவர். கலியாணம் முடிந்து நாற்பத்தைந்தாம் நாள் கப்பல் ஏறினார். பிறகு ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் எனக்குப் புருஷன் என்பது மாதத்துக்கு ஒரு கடிதம். தலையிடி என்று எழுதினால், மாறிவிட்டதா என்று கேட்டுப் பதில் வர ஒன்றரை மாதம் செல்லும். அதற்குள் எனக்கு எந்தத் தலையிடி என்று மறந்து போயிருக்கும். திரும்பி வந்து அண்ணையோடு கூட்டாகக் கந்தோரைத் தொடங்கிய அன்று அவர் என்னிடம் சொன்னது இது: "கந்தோர் ஓடினால் நான் இனிப் போகன்."

ஓடினால்! அந்தச் சொல் என் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. மலாயாக் கந்தோர்த் துரை அவரை விட்டபாடில்லை. உம்முடைய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, ஆடி மாதத்துக்குள் ஒரு முடிவு சொல்லும் என்று கடிதம் போட்டிருந்தார். அதற்கு என் கணவர் ஓம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. நான் வாயால் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளுக்குள் நேராத கோயில் இல்லை. நகை வேண்டாம், நட்டு வேண்டாம், இந்த மனிதன் இங்கே இருந்தால் போதும் என்றுதான் நேர்ந்தேன். அதற்குக் கந்தோர் ஓடவேண்டும்.

அது ஓட நானும் கை கொடுத்தேன். கறுப்பு மையால் கீறின படத்தை, மருந்து பூசின தாளின் மேல் வைத்து, கண்ணாடியால் அமத்தி வெயிலில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் தாள் நீலமாகி, அதில் வெள்ளைக் கோடுகளாக வீடு எழும்பி வரும். அலசுகிற வேலை என்னுடையது. கொடியில் சேலைகளுக்கு நடுவே இரண்டு வீடும் ஒரு மாட்டுக் கொட்டிலும் காய்ந்துகொண்டிருக்கும். என் விரல் நகமெல்லாம் நீலம். கோயிலில் திருநீறு வாங்கக் கையை நீட்டினால் ஐயர் ஒருமாதிரிப் பார்ப்பார்.

கந்தோரின் பெயரை மாற்றியது ஒரு குசினி. முன்வீட்டு அக்காவின் குசினிக்குள் போனால் புகையில் ஆளை ஆள் தெரியாது. அவவின் கண் எந்நேரமும் சிவந்துதான் இருக்கும். என் கணவர் ஒரு நாள் அங்கே போய், அடுப்பு எங்கே, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, கதவைத் திறந்தால் புகை எங்கே போகிறது என்று அரை நாள் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுப்பை இடம் மாற்றி, மேலே புகை போக ஒரு கூண்டு வைத்துக் கீறிக் கொடுத்தார். அவர் அப்படித்தான், எதையும் பார்க்காமல் கீறமாட்டார். மாடு எங்கே கட்டுவது, நெல்லு எங்கே காய்வது, மழை வெள்ளம் எந்த மூலையால் ஓடுவது என்று எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் வருவார். கூண்டு வைத்து ஒரு கிழமைக்குப் பிறகு அக்கா வேலியால் எட்டி, "பிள்ளை, உன்ரை மனுசன் கெட்டிக்காரன்தானடி" என்றா. கறியைக் கீறுகிற கதை அதோடு நின்றது.

அதற்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தெல்லிப்பழையில் ஒரு வாத்தியார், நெல்லியடிப் பக்கம் ஒரு குடும்பம். அவர்கள் கீறின வீடு ஒழுகாது, வெக்கை இல்லை, இருட்டு இல்லை என்று ஒரு பேச்சு ஊரில் பரவியது. நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். அப்போதுதான் எங்கள் தெருவிலேயே நாலு வளவு தள்ளியிருந்த புகையிலை வியாபாரி, மாடி வைத்து ஒரு வீடு வேண்டும் என்று வந்தார். எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் மாடி. அண்ணை அன்று இரண்டு தரம் கோப்பி கேட்டுக் குடித்தார்.

வியாபாரிக்கு ஒரு ஆசைதான். வைகாசியில் தென்மேற்கால் சோளகம் எழும்பினால் அந்தக் காற்று நேரே வந்து தன் கட்டிலில் விழவேண்டும். என் கணவர் அதற்கென்றே மேலறையில் சோளகப் பக்கம் பார்த்து ஒரு பெரிய யன்னல் வைத்தார். மாடி எழும்பிற்று, யன்னல் நிலையும் ஏறிற்று. தெருவால் போகிற வருகிற சனம் எல்லாம் நின்று அண்ணாந்து பார்த்தது. நானும் பெருமைக்குச் சேலையைத் திருத்திக்கொண்டு இரண்டு தரம் அந்தப் பக்கம் போய் வந்தேன்.

நிலை ஏற்றி மூன்றாம் நாள் காலை, எங்கள் வேலி வாசல் படலையில் ஒரு கூக்குரல்.

"எங்கை காணும் உந்தப் படம் கீறுறவர்? வெளியாலை வரச் சொல்லுங்கோ!"

வியாபாரிக்குப் பின் வளவுக்காரர். பெரிய வாழைத் தோட்டக்காரர், வயசுக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். தோட்டத்துச் சேறு காலோடு நின்றார். என் கணவர் பென்சிலும் கையுமாக வெளியே போனார்.

"என்ரை குமருகள் குளிக்கிற கிணத்தடிக்கு நேரை யன்னல் வைச்சிருக்கிறீரே, உமக்கு வெக்கமில்லையோ?"

"கிணறோ?" என்றார் என் கணவர். "எந்தக் கிணறு?"

"எந்தக் கிணறோ! என்ரை வளவுக் கிணறு காணும்! மூத்தவள் தலைக்கு வாத்துக்கொண்டு அண்ணாந்து பாத்திருக்கிறாள், மேலை ஆவெண்டு யன்னல். பிள்ளை அரைவாசித் தோய்ச்சலிலை உள்ளுக்கு ஓடி வந்துட்டாள்!"

அண்ணை உடனே பாய்ந்தார். "மேலை நிண்டு பாத்தால் கிணத்தடி தெரியுதெண்டு ஆர் சொன்னது? நீங்கள் ஏறிப் பாத்தனீங்களோ?"

"நானோ? கிணத்தடியை எட்டிப் பாக்கிற குடும்பமோ நாங்கள்? நீர் பாத்தனீரோ?"

"நான் என்னத்துக்குப் பாக்கிறன்!"

அங்கேதான் சிக்கல். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவும் முடியாது. யன்னலில் நின்று கிணற்றடி தெரிகிறதா என்று பார்க்கப் போகிற ஆம்பிளை, அடுத்த வளவுக் கிணற்றடியைப் பார்த்தவன் ஆகிவிடுவான். மேசனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் முருகன் மேல் ஆணையாகச் சொன்னார்: "அந்தப் பக்கச் சுவர் கட்டேக்கை நாங்கள் ஒருத்தரும் தலை நிமிரேல்லை ஐயா." அந்த அந்தரத்துக்குள்ளும் என் கணவர், "அதுதான் அந்தச் சுவர் அரை அங்குலம் சரிஞ்சிருக்குது" என்று முணுமுணுத்தார். சுவரிலேயே கண்! எனக்குத் தலையில் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை. கோயில் வாசலில் கதை, சந்தையில் கதை. படம் கீறுகிறவர் மலாயாவில் பழகின பழக்கம் என்று ஒருத்தி சொன்னாளாம். அவள் மட்டும் என் கையில் அகப்பட்டிருந்தால்! தோட்டக்காரர் யன்னலைக் கல்லு வைத்து அடை என்றார், இல்லாவிட்டால் ஊர் அதிகாரி விதானையாரிடம் போவேன் என்றார். வியாபாரியோ, "அடைக்கேலாது. சோளகம் வராட்டில் எனக்கு மாடி என்னத்துக்கு? ஓட்டுக்குக் கீழை கிடந்து அவியவோ?" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏசுவதை விட்டுவிட்டு, கடைசியில் இரண்டு பேருமாக எங்கள் கந்தோரை ஏசினார்கள். வீடு கீறத் தந்திருந்த இரண்டு பேர் அந்தக் கிழமையே ஆள் அனுப்பி, "இப்ப அவசரமில்லை, பிறகு பாப்பம்" என்றார்கள்.

என் கணவர் கந்தோருக்குள் போய்க் கதிரையில் இருந்தார். துரையின் கடிதத்தை எடுத்து வாசித்தார். மடித்து வைத்தார். திரும்பவும் எடுத்தார்.

"என்ன அது, தேவாரமோ, இத்தனை தரம் வாசிக்க?" என்றேன்.

"இல்லை, இஞ்சேரும். பேர் கெட்டால் இஞ்சை ஆர் வீடு கீறத் தருவினம்? அங்கை போனால் ஒரு நாலைஞ்சு வருசம்..."

"நாலைஞ்சு வருசமோ!" எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. கையில் இருந்த சுளகை அப்படியே போட்டுவிட்டேன், அரிசி முழுக்க நிலத்தில். "ஆம்பிளையள் பாக்கேலாட்டில் நான் பாக்கிறன். எனக்குக் கண் இல்லையோ?" என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

வியாபாரியின் மனைவி என்னை மேலே கூட்டிப் போனா. போகிற வழி முழுக்க, அந்த யன்னலால் ஒன்றும் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் ஏறினேன். உண்மையைச் சொன்னால், தெரிந்தாலும் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது என்றுகூட நினைத்தேன். யன்னலுக்குக் கிட்டப் போனேன். ஐயோ கடவுளே! கிணறு, தண்ணீர் அள்ளுகிற நெட்டைத் துலா மரம், தோய்க்கிற கல், கல்லின் மேல் கிடந்த சவர்க்காரம் வரைக்கும் தெரிந்தது. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கிடுகு வேலி கட்டி மறைத்த இடம், மேலே இருந்து பார்த்தால் உள்ளங்கையில் வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொன்னேன். அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். நான் என் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மாடு கட்டுற முளை தெரிஞ்சுது, வெள்ளம் ஓடுற மூலை தெரிஞ்சுது, இவ்வளவு பெரிய கிணறு உங்களுக்குத் தெரியேல்லையோ?"

அவர் காணி அளந்த கொப்பியை எடுத்து விரித்தார். வியாபாரியின் வளவில் புல்லுப் பூண்டு கூடக் குறித்திருந்தது. பின் வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத் தாள்.

"அண்டைக்கு நாங்கள் அளக்கேக்கை அங்காலை வாளிச் சத்தம் கேட்டுது," என்றார். "பொம்பிளையள் குளிச்சுக்கொண்டு நிண்டவை. நானும் அண்ணையும் செருமிப்போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டுதான் அந்த வேலியை அளந்தனாங்கள். தாளிலை இல்லாதது பிறகு யன்னல் கீறேக்கை ஞாபகத்துக்கும் வரேல்லை. அங்காலை என்ன இருக்குதெண்டு எப்பிடி இஞ்சேரும் பாக்கிறது? பாத்திட்டு வந்து தாளிலை கீறி வைக்கிறதோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன். பார்த்ததால் வந்த பழி என்று ஊர் பேசுகிறது. இந்த மனிதனோ பார்க்காமல் விட்டுப் பழியை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். ஒழுக்கம் கூடிப் போய் வந்த பிழை.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை குசினி வாசலில் வந்து நின்று, "இஞ்சேரும், யன்னலை அடைக்கத் தேவையில்லை. சட்டத்துக்குள்ளை பலகைச் சிறகு வைச்சுக் காத்தை விடலாம், பார்வையை மறிக்கலாம்" என்றார். பலகைச் சிறகு வைத்த யன்னல் பழைய வீடுகளிலும் உண்டு. மழைத் தண்ணீர் வெளியே வழிய, சிறகின் வெளி ஓரம் கீழ்ப் பார்த்துச் சரிந்திருக்கும். உள்ளே நிற்கிறவருக்கு அந்த இடுக்கால் கீழே நிலம் தெரியும். இவர் அதைப் புரட்டிப் போட்டார். வெளி ஓரம் மேலே, உள் ஓரம் கீழே. அப்போது உள்ளே இருந்து பார்த்தால் ஆகாயம் மட்டும்தான்.

"மழை உள்ளுக்கு வராதோ?" என்றேன்.

"எங்கடை மழை மற்றப் பக்கத்து வாடைக் காத்தோடைதானே வாறது. சோளகத்திலை மழை எங்கை? அந்தப் பக்கத்துக்கு இதாலை பிழை வராது." அவர் முகத்தில் ஒரு கிழமைக்குப் பிறகு வெளிச்சம் கண்டேன். "ஆனால் எவ்வளவு சரிவு வைக்கிறதெண்டு தெரிய, யன்னலுக்கும் கிணத்தடிக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு பள்ளம் எண்டு தெரியவேணும். அதை நான் போய் அளக்கேலாது."

அளக்கிற வேலையும் என் தலையில். தோட்டக்காரரின் மனைவி எனக்கு மச்சாள் முறை. அவர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் குனிந்து அவவின் வளவுக்குள் போனேன். அவ என்னைக் கண்டதும் உலக்கையை நிறுத்தவே இல்லை.

"என்ன, படக்காரர் பெண்சாதி? யன்னலாலை பாத்தது காணாதெண்டு கிட்ட வந்து பாக்க வந்தனியோ?"

"ஓம் மச்சாள், உங்கடை வடிவைக் கிட்ட நிண்டு பாத்திட்டுப் போக வந்தனான்!" என்றேன். எனக்கும் பொறுமைக்கு ஒரு எல்லை இருக்கிறதுதானே. "மேலை ஏறிப் பாத்தது நான்தான். தெரியுது. பிழை எங்கடை பக்கம். அதை ஒத்துக்கொள்ளத்தான் வந்தனான். மற்றது, நாளைக்கு என்ரை மனுசன் கப்பலேறிப் போனால் நீங்கள் சந்தோசமாய் இருக்கலாம். நான் இருக்கமாட்டன்."

அவ உலக்கையைச் சுவரில் சாத்தினா. "அவர் கத்துவார், கத்திப்போட்டுத் தோட்டத்துக்குப் போயிடுவார்," என்றா. "இஞ்சை நாங்கள் மூண்டு பேரும் பத்து நாளாய் வாழைக்குள்ளை சேலை கட்டி மறைச்சுக் குளிக்கிறம். நுளம்பு தின்னுது. வழி இருந்தால் சொல்லு மச்சாள், ஆர் ஒழுங்காக்கினாலும் எனக்குக் காரியமில்லை."

சொன்னேன். அன்று பதினொரு மணி வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் ஓவசியர் வேலை பார்த்தோம். நான் மாடி யன்னலில், மச்சாள் தோய்க்கிற கல்லின் மேல் ஒரு பனைமட்டையை உயர்த்திப் பிடித்தபடி. என் கணவர் வியாபாரியின் முற்றத்தில், எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கொப்பியும் கையுமாக. "மட்டை நுனி யன்னலின்ரை எந்த இடத்துக்கு நேரை நிக்குது?" என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்பார். நான் மேலே இருந்து கத்துவேன். கிணற்றடியில் இருந்து வேலி வரைக்கும் எத்தனை முழம் என்று மச்சாள் கையால் அளந்து கத்துவா. வேலிக்கு இங்கால் உள்ள கணக்கு அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

சிறகு செய்ய வந்த ஆசாரியார் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா தலைகீழாய்க் கீறிப்போட்டார்" என்று சிரித்தார். இது அப்படித்தான் என்று அண்ணை சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாள் எனக்கு மனம் கேட்கவில்லை, போய்ப் பார்த்தேன். பார்த்தால், கோதாரி, மனிதன் வழமை மாதிரியே வெளி ஓரத்தைக் கீழே சரித்துப் பாதி யன்னலுக்குப் பூட்டிவிட்டார்! ஐயா பிழைவிட்டாலும் நான் திருத்திச் செய்கிறேன் என்று நல்ல மனத்தோடுதான் செய்திருக்கிறார். அந்த இடுக்குகளால் பார்த்தால் வேறொன்றும் தெரியாது, கிணற்றடி மட்டும் நேரே தெரியும். நான் போட்ட கூச்சலில் ஆசாரியாருக்கு உளி கையால் விழுந்தது. முழுவதையும் கழற்றி, நான் பக்கத்தில் நிற்கத் திரும்பப் பூட்டினார்.

பூட்டி முடிந்ததும், பார்த்து முடிவு சொல்ல ஆள் வேண்டும். நான் சொன்னால் படக்காரர் பெண்சாதி சொல்கிறாள் என்பார்கள். வியாபாரி வீட்டார் சொன்னால் தோட்டக்காரர் நம்பமாட்டார். கடைசியில் மச்சாளே வரச் சம்மதித்தா. தோட்டக்காரருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வியாபாரியின் முற்றத்தில் ஆம்பிளைகள் எல்லாரும் நின்றார்கள்: தோட்டக்காரர், வியாபாரி, அண்ணை, என் கணவர், வேலை இல்லாமல் வந்த இன்னும் ஏழெட்டுப் பேர். மேலே மச்சாளும் நானும். கீழே கிணற்றடியில் மூத்த மகளை நிற்கச் சொல்லியிருந்தா.

மச்சாள் யன்னலுக்கு முன்னால் நின்று பார்த்தா. இடப்பக்கம் போய்ப் பார்த்தா. வலப்பக்கம் போய்ப் பார்த்தா. நுனிக்காலில் எழும்பினா. "நெட்டை ஆம்பிளை ஒருத்தன் நிண்டால்?" என்று சொல்லி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதில் ஏறினா. சோளகம் சிறகுகளுக்குள்ளால் வந்து அவவின் தலைமுடியைக் கலைத்தது. கீழே என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது வாசல் பக்கத்து யன்னலால் தெரிந்தது. இந்த மனுஷி இப்போது ஒரு சொல் சொன்னால் இவர் கப்பலேறிவிடுவார் என்று நினைத்தேன். வாயைத் திறந்து கெஞ்சவும் முடியாது.

மச்சாள் முக்காலியால் இறங்கி, முழங்காலில் இருந்து, கன்னத்தை நிலத்தில் வைத்து, ஆகக் கீழ் இடுக்கால் மேலே பார்த்தா.

"தெரியுது!" என்றா.

கீழே இருந்து தோட்டக்காரரின் குரல்: "என்ன தெரியுது?"

"துலாவின்ரை நுனி!"

"அப்ப தெரியுதுதானே!" என்றார் அவர். "நான் சொன்னனான்!"

மச்சாள் எழும்பி வாசல் பக்கத்து யன்னலுக்கு வந்து கீழே குனிந்தா. "விசர்க் கதை கதையாதையுங்கோ. துலாவோ குளிக்கிறது? பிள்ளையைக் காணேல்லை, கிணத்தைக் காணேல்லை, கல்லைக் காணேல்லை. ஆகாயமும் துலா நுனியும்தான். நான் இனி என்ரை கிணத்தடியிலை குளிக்கப் போறன். எல்லாரும் வீட்டை போங்கோ!"

முற்றம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. வியாபாரி தோட்டக்காரரின் தோளில் தட்டினார். தோட்டக்காரரும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சால்வையால் முகத்தைத் துடைத்தார். நான் முக்காலியில் இருந்துவிட்டேன். "என்னடி மச்சாள், வேர்த்துக் கொட்டுது, சோளகம் காணாதோ?" என்று மச்சாள் கேட்டா. நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு ஆறுதல் அது! நெஞ்சில் இருந்து ஒரு அம்மியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று இரவு கிடந்ததும் நித்திரை, விடிந்து வெயில் ஏறும் வரைக்கும்.

அந்த யன்னலைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். மானக் கதவு என்று பகிடியாகப் பெயரும் வைத்தார்கள். மாடி இல்லாத வீட்டுக்குக் கூட அது வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. என் கணவர் காணி அளக்கப் போனால் அதற்குப் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வேலிக்கு அந்தப் பக்கம் என் பகுதி. உங்கள் கிணறு எங்கே அக்கா, நீங்கள் குளிக்கிறது எந்த நேரம் என்று நான் பொட்டுக்குள்ளால் போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுவேன், அவர் குறிப்பார்.

ஆனால் ஆடி நெருங்கிக்கொண்டு வந்தது. கந்தோர் தப்பிவிட்டது, அது எனக்குத் தெரியும். இவர் வாயால் ஒரு சொல் சொல்லவில்லையே. கேட்கலாம்தான். கேட்டு, அவர் "பாப்பம்" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் கேட்காமல் இருந்தேன்.

ஆனி முடிகிற கட்டத்தில் ஒரு காலை, வாழைத் தோட்டக்காரர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இந்த முறை கால் கழுவியிருந்தார். முன்னறைக் கதிரையில் இருந்து, கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தார். வாழைக்குலை விலையைப் பற்றிக் கதைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மூத்தவளுக்குச் சம்பந்தம் ஒண்டு சரிவரும் போல கிடக்கு. சீதனத்துக்கு ஒரு வீடு கட்டவேணும். நீர்தான் கீறித் தரவேணும்."

நான் கதவுக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டோடு நின்றேன். ஆம்பிளைகள் கதைக்கிற இடத்தில் நான் வாய் திறப்பதில்லை, அது அந்தக் காலத்து வழக்கம், அதைக் கடைப்பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எவ்வளவு காலம் செல்லும்?" என்று தோட்டக்காரர் கேட்டார்.

என் கணவர் பென்சிலை எடுத்தார், வைத்தார். "கல்லு, மரம், ஓடு எல்லாம் வந்து, நான் ஒவ்வொரு நாளும் கிட்ட நிண்டு பாத்துச் செய்யிறதெண்டால்," என்றார், "இரண்டு வருசம் செல்லும்."

"இரண்டு வருசமோ! அது மெத்த நீளம். அவ்வளவு காலம் ஆர் பொறுக்கிறது?"

"மூண்டு வருசமும் செல்லும்!" என்று நான் உள்ளே இருந்து கத்திவிட்டேன்.

முன்னறையில் என் கணவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்படிச் சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

"கேட்டனீங்கள்தானே," என்றார் தோட்டக்காரரிடம். "மூண்டு வருசம்."